பட்டி, உப்புத்தாள், அதன் பிறகு வண்ணம்

ஆறு வாரங்களுக்கு முன்பு நான் பிரித்த மாடல் ராக்கெட் கிட்டின் குறிப்புத்தாளில் ஒட்டுவேலைக்கு மட்டும் பதினான்கு படங்களும், ஒவ்வொரு படத்தின் கீழும் மூன்று நான்கு வரி விளக்கமும் இருந்தன. பதினைந்தாவதாக, படம் எதுவும் இல்லாமல், விரும்பிய வண்ணத்தைப் பூசிக்கொள்ளவும் என்று ஒரே ஒரு வரி இருந்தது. ஒட்டுவேலை ஒன்றரை வாரத்தில் முடிந்தது. மீதி நாலரை வாரமும் அந்த ஒற்றை வரிக்குள்தான் போயின. அந்த வரி சொல்லாமல் விட்டவற்றை, இதே போன்ற கிட்டை முதன்முறையாகப் பிரித்து வைத்திருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

இது சுமார் 60 சென்டிமீட்டர் உயரமும் 42 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட ஒற்றை அடுக்கு ராக்கெட். காகிதக் குழாய் ஒன்று, பிளாஸ்டிக் மூக்குக்கூம்பு ஒன்று, பால்சா மரத் தகட்டிலிருந்து பிரித்தெடுக்க வேண்டிய நான்கு துடுப்புகள், 18 மில்லிமீட்டர் மோட்டார் (மருந்து அடைத்த உந்துகுழல்) உட்காரும் சிறு குழாய், அதை நடுவில் நிறுத்தும் அட்டை வளையங்கள், மோட்டார் நழுவாமல் பிடிக்கும் கொக்கி, எலாஸ்டிக் நாடா, பாராசூட், ஏவுகம்பியில் கோப்பதற்கான மெல்லிய குழல் ஆகியவை பெட்டிக்குள் இருந்தன. கொக்கியைத் தவிர உலோகம் எதுவும் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. 1950-களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் காலணிக் கடை நடத்திவந்த ஆர்வில் கார்லைலும் அவருடைய சகோதரர் ராபர்ட்டும் காகிதத்தாலும் பால்சாவாலும் ஒரு ராக்கெட்டைச் செய்து, எரிந்து முடிந்ததும் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகக்கூடிய மோட்டாரை அதில் பொருத்தினார்கள். உலோகக் குழாயில் தாங்களே மருந்தை அடைத்து விபத்துக்குள்ளாகும் இளைஞர்களைப் பற்றிக் கவலையோடு எழுதிக்கொண்டிருந்த ராக்கெட் பொறியாளர் ஹாரி ஸ்டைனுக்கு, 1957-ல் ஆர்வில் தம்முடைய மாடல்களை அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டே வெர்னன் எஸ்டெஸ் என்பவர் மோட்டார்களை வரிசையாக அடைத்துத் தரும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். எடை குறைந்த, எளிதில் நொறுங்கிவிடும் காகிதமும் பால்சாவும்தான் இந்தப் பொழுதுபோக்கைப் பாதுகாப்பானதாக ஆக்கின. வண்ணம் பூசுபவரைச் சோதிப்பவையும் அவைதான். காகிதக் குழாயின் மேற்பரப்பில் திருகாணியின் புரி போல ஒரு வரிப்பள்ளம் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. பால்சாவின் மேற்பரப்பெங்கும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நுண்துளைகள் இருக்கின்றன. இவை இரண்டையும் அடைக்காமல் எந்த வண்ணத்தைப் பூசினாலும், ராக்கெட் காகிதமாகவும் மரமாகவும்தான் தெரியும்.

துடுப்புகளிலிருந்து தொடங்குகிறேன். கத்தியின் பிளேடு புதியதாக இருந்தால் பால்சா வெண்மையான விளிம்போடு சுத்தமாகப் பிரிந்துவரும். மழுங்கியிருந்தால் நார் நசுங்கிக் கிழியும். அதைவிட முக்கியமானது நாரோட்டத்தின் திசை. துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக, குழாயிலிருந்து வெளிப்புறம் நோக்கி நார் ஓட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, உடைந்துபோன ஒரு துடுப்புக்குப் பதிலாக மீந்த மரத்துண்டில் நானே ஒன்றை வெட்டியபோது, மரத்தை மிச்சப்படுத்தும் ஆசையில் நாரைக் குழாய்க்கு இணையாக வைத்து வெட்டிவிட்டேன். முதல் தரையிறக்கத்திலேயே அந்தத் துடுப்பு, பசை ஒட்டிய இடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வெளியே, நார் ஓடிய கோட்டின் வழியாகவே இரண்டாகப் பிளந்தது. பசை பிடிப்பை விடவில்லை, மரம்தான் பிளந்தது. அன்றிலிருந்து எந்தத் துடுப்பைக் கையில் எடுத்தாலும் முதலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நாரைத்தான் பார்க்கிறேன்.

நான்கு துடுப்புகளையும் அடுக்கி, ஊசியால் குத்தி ஒரே கட்டையாகச் சேர்த்து, விளிம்புகளை ஒன்றாகத் தேய்த்தால்தான் நான்கும் ஒரே அளவில் அமையும். பிறகு பிரித்து, முன்விளிம்பை அரைவட்டமாக உருட்டி, பின்விளிம்பைச் சரிவாக மெலிதாக்கினேன். குழாயோடு ஒட்டும் அடிவிளிம்பை மட்டும் தட்டையாகவே விட வேண்டும். அதை உருட்டிவிட்டால் பசைக்குப் பிடிமானம் போய்விடும்.

அடுத்து நுண்துளைகள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நீரில் கரையும் மரப்பட்டியைத் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, தூரிகையால் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பது. மரம் கண்ணாடிபோல ஆகும்வரை இரண்டு மூன்று முறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மற்றொன்று, துடுப்பின் இரு பக்கமும் மெல்லிய வெள்ளைத்தாளை ஒட்டிவிடுவது. நான் இம்முறை தாளையே தேர்ந்தெடுத்தேன். ஒரே தாளை முன்விளிம்பைச் சுற்றி மடித்து இரு பக்கமும் படியவைத்தால் விளிம்பில் வெட்டுவாய் தெரியாது, துடுப்பும் கணிசமாக உறுதிப்படும். எந்த வழியில் போனாலும் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துவிட்டு மறுபக்கத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. ஈரம் பட்ட பக்கம் விரிந்து, காயும்போது சுருங்கி, துடுப்பு தோணியைப் போல வளைந்துவிடும். இரு பக்கத்தையும் அடுத்தடுத்துச் செய்து, தடித்த புத்தகங்களுக்கிடையில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஓர் இரவு அழுத்தி வைத்தேன். காலையில் நான்கும் தகடு போல நேராக இருந்தன.

மோட்டார் தாங்கியைக் குழாய்க்குள் ஒட்டுவது பத்து வினாடி வேலை. ஆனால் இந்தக் கிட்டிலேயே என் நெஞ்சு அதிகம் படபடத்தது அந்தப் பத்து வினாடிகளில்தான். மரவேலைக்கான மஞ்சள் பசை காகிதத்தின் மேல் பட்டவுடன் காகிதம் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே உப்புகிறது. வளையத்துக்கும் குழாய்க்கும் இடையே இருந்த மெல்லிய இடைவெளி மறைந்து, நடுவழியில் நின்றால் அங்கேயே பிடித்துக்கொள்கிறது. என் முதல் ராக்கெட்டில், சரியான இடத்தில் நிற்கிறதா என்று ஒரு கணம் நிறுத்தி எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான், தாங்கி மூன்று சென்டிமீட்டர் தள்ளியே நின்றுபோனது, பிறகு இடுக்கியால்கூட அசையவில்லை. கடைசியில் குழாயின் வால்பகுதியையே மூன்று சென்டிமீட்டர் வெட்டிக் குறுக்க வேண்டியதாயிற்று. அதனால் இப்போதெல்லாம் பசையில்லாமல் இரண்டு மூன்று முறை செருகிப் பார்த்து, வளையங்கள் இறுக்கமாக இருந்தால் விளிம்பைச் சற்றுத் தேய்த்து, தாங்கி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை ஒரு குச்சியில் குறித்துக்கொள்கிறேன். பசையையும் வளையத்தின் மேல் பூசாமல் குழாயின் உட்புறத்தில் பூசி, நிறுத்தாமல் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுகிறேன்.

துடுப்புகளை ஒட்டுவதற்குக் கோடுகள் நேராக இருக்க வேண்டும். உருண்டையான குழாயின் மேல் வெறுங்கையால் நேர்கோடு இழுக்க முடியாது. குழாயைக் கதவு நிலையின் மூலையிலோ, இழுப்பறையின் உள்மூலையிலோ படுக்கவைத்து, மூலையின் விளிம்பை அளவுகோலாகக் கொண்டு பென்சிலை ஓட்டினால் கோடு தானாகவே நேராக அமையும். ஒட்டும்போது இருமுறைப் பசை முறையைப் பின்பற்றினேன். துடுப்பின் அடிவிளிம்பில் பசை தடவி, குழாயில் குறித்த இடத்தில் ஒற்றி எடுத்து, இரண்டையும் காயவிட்டு, பிறகு மீண்டும் மெல்லியதாகப் பசை தடவி அழுத்த வேண்டும். முதல் பசை நுண்துளைகளை அடைத்துவிடுவதால் இரண்டாவது பசை அரை நிமிடத்தில் கவ்விக்கொள்கிறது. நீண்ட நேரம் பிடித்துக்கொண்டு கை நடுங்க வேண்டியதில்லை. ராக்கெட்டைப் பின்பக்கமிருந்து பார்த்தபோது நான்கு துடுப்புகளும் சமக்கோணத்தில் நின்ற சிலுவைக் குறிபோலத் தெரிந்தன. ஒரு துடுப்பு சற்றே திரும்பியிருந்தாலும் ராக்கெட் மேலே போகும்போது சுழலத் தொடங்கி, உயரத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

இணைப்பின் இருபுறமும் பசையை விரலால் இழுத்துக் குழிவான சரிவாக்குவது வலிமைக்கும் அழகுக்கும் சேர்த்துத்தான். ஒரேயடியாகத் தடிமனாகப் பூசினால் காயும்போது குமிழியும் பள்ளமும் வரும் என்பதால் மூன்று நாட்களில் மூன்று மெல்லிய பூச்சாகச் செய்தேன். ஒவ்வொரு முறையும் ராக்கெட்டைக் கிடைமட்டமாக வைத்து, மேல்நோக்கிய இரண்டு துடுப்புகளுக்கு நடுவே மட்டும் பூசிக் காயவிட்டுப் பிறகு திருப்பினேன்.

இதற்குப் பிறகுதான் வரிப்பள்ளம். முந்தைய ராக்கெட்டில் இதை நான் பொருட்படுத்தவில்லை. பளபளப்பான சிவப்பு வண்ணம் தடிமனாக விழுந்தால் பள்ளம் அதில் மூழ்கிவிடும் என்று நம்பினேன். நடந்தது நேர்மாறு. மங்கலான, ஒளி வாங்காத காகிதத்தில் தேடினால் மட்டுமே தெரிந்த அந்தக் கோடு, பளபளப்பு ஏறியதும் வெளிச்சத்தை வாங்கி, குழாயின் அடியிலிருந்து நுனிவரை எடுப்பாகத் தெரிந்தது. பளபளப்பு கூடக்கூட மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் பெரிதாகத்தான் தெரிகின்றன. வண்ணத்தின் கீழ் மறைந்துகொள்ளக்கூடிய குறை என்று எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆகவே இம்முறை பென்சிலால் பள்ளத்தின் வழியாகவே கோடு இழுத்து அதை அடையாளப்படுத்திக்கொண்டேன். தளர்த்திய மரப்பட்டியைத் தூரிகையால் அந்தக் கோட்டின் மேல் மட்டும், பள்ளம் நிரம்பிச் சற்று மேலெழும் அளவுக்குப் பூசினேன். முழுக் குழாய்க்கும் பூசுபவர்களும் இருக்கிறார்கள். அதில் எடைதான் கூடுகிறது. ஒரு நாள் காய்ந்த பின் 220 எண் உப்புத்தாளைத் தட்டையான ஒரு கட்டையில் சுற்றித் தேய்த்தேன். விரலால் நேரடியாகத் தேய்த்தால் விரலின் மென்மை பள்ளத்துக்குள் இறங்கி, அடைத்த பட்டியையே தோண்டி எடுத்துவிடும். குழாயின் காகிதம் பொசபொசவென்று மேலெழத் தொடங்கினால் அளவுக்கு மேல் தேய்த்துவிட்டோம் என்று பொருள். அங்கே ஒரு துளி சூப்பர் க்ளூவை ஊறவிட்டு, இறுகிய பின் தேய்த்தால் சரியாகிவிடும். இரண்டாம் சுற்றுப் பட்டிக்குப் பிறகு 400 எண் தாளால் முடித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இந்த வேலையில் கண்ணைவிட விரல்நுனி நம்பகமானது. தேய்க்கும் தூசு நுரையீரலுக்குள் போகாமலிருக்க முகக்கவசம் அணிந்துகொள்வதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஸ்ப்ரே அடிக்கும்போதும் அது கழுத்தில் தொங்காமல் மூக்கின் மேல் இருக்க வேண்டும்.

மூக்குக்கூம்பில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய வரம்பு இருக்கும். கத்தியின் முதுகால் சுரண்டி, தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப்பசை இருந்தால் பிரைமர் என்னும் அடிப்பூச்சு செதிலாக உரிந்துவரும். குழாய்க்குள் நுழையும் கழுத்துப் பகுதியையும், குழாயின் வாயின் உட்புறத்தையும் டேப்பால் மூடிவிட்டேன். அங்கே வண்ணம் படிந்தால் கூம்பு இறுகிப்போகும். பறக்கும்போது உள்ளிருக்கும் சிறு வெடிமருந்து தள்ளிவிட வேண்டிய கூம்பு அது; அது வெளியே வராவிட்டால் பாராசூட்டும் வராது.

பிரைமருக்கு நான் சாம்பல் நிறத்தைத்தான் எடுப்பேன். எரிந்து முடிந்த பழைய மோட்டார் உறை ஒன்றை ஒரு நீளக் குச்சியின் நுனியில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதை மோட்டார் குழாய்க்குள் செருகினால் ராக்கெட்டைத் தொடாமலேயே எந்தப் பக்கமும் திருப்பலாம், அந்தக் குழாய்க்குள் வண்ணம் புகுவதும் தடுக்கப்படும். சாம்பல் பிரைமர் உலர்ந்தவுடன், அதுவரை வெள்ளையும் பழுப்பும் கலந்திருந்த மேற்பரப்பு ஒரே நிறமாகி, எல்லாக் குறைகளும் ஒரே நேரத்தில் வெளிப்பட்டன. இரண்டு துடுப்புச் சரிவுகளில் குண்டூசித் தலையளவு துளைகள், ஒரு துடுப்பின் நுனியில் தாள் சற்றே தூக்கிய இடம், கூம்புக்குக் கீழே என் நகம் பதிந்த ஒரு பிறை. மனம் சோர்ந்துபோகும் கட்டம் இதுதான், இதைத் தாண்டிவிடலாம் என்று தோன்றும் கட்டமும் இதுதான். நான் அந்த எல்லா இடங்களையும் பட்டியால் அடைத்து, தேய்த்து, மீண்டும் பிரைமர் அடித்து, அதில் பெரும்பகுதியை 400 எண் தாளால் தேய்த்தே எடுத்துவிட்டேன். பிரைமர் பள்ளங்களில் மட்டும் தங்கினால் போதும், மற்ற இடங்களில் தங்குவதெல்லாம் சுமைதான்.

வண்ணத்துக்கு வந்தேன். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும் என்பதால் முதலில் முழு ராக்கெட்டுக்கும் வெள்ளை. ஸ்ப்ரே கேனை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் வைத்திருந்து, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கினால் துளிகள் நுண்மையாக விழுகின்றன. நீர் வெதுவெதுப்பைத் தாண்டக்கூடாது. கேனை அடுப்பருகே கொண்டுபோவதும் கூடாது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தால் பூச்சு பால்போல வெளுத்துவிடும், ஆகவே மழைக்கு முந்தைய புழுக்கத்தில் இந்த வேலையை எடுக்காமலிருப்பது நல்லது. கேனை 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ராக்கெட்டுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மேலே கடந்துபோய், மறுபுறம் வெளியே போன பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். நடுவில் தொடங்கினாலோ நிறுத்தினாலோ அங்கே ஒரு துளி பெரிதாக விழுந்து வழியும். முதல் இரண்டு பூச்சுகள் பனி படிந்ததுபோல, அடியிலுள்ள சாம்பல் தெரியும்படி இருந்தால் போதும். மூன்றாவதுதான் ஈரமாகப் பளபளக்கும் பூச்சு. துடுப்புகளின் அடிச்சரிவுகளை முதலில் அடித்துவிட்டுப் பிறகு தட்டையான பகுதிகளுக்குப் போனால், அந்த மூலைகளில் வறண்ட தூள் படிவதில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் வெள்ளைப் பூச்சிலேயே ஒருமுறை தோற்றேன். நான் பயன்படுத்திய எனாமல் கேனின் பின்புறத்தில், மறுபூச்சை ஒரு மணி நேரத்துக்குள் அடிக்கவும், தவறினால் 48 மணி நேரம் கழித்து அடிக்கவும் என்று அச்சிட்டிருந்தது. காலையில் மூன்றாவது பூச்சை முடித்துவிட்டு, மாலையில் பார்த்தபோது ஒரு துடுப்பின் அடியில் சாம்பல் நிழலாகத் தெரிந்தது. தொட்டால் ஒட்டவில்லை, ஆகவே காய்ந்துவிட்டது என்று எண்ணி அந்த இடத்தில் மட்டும் மெல்லியதாக அடித்தேன். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் கண்ணெதிரே அந்தத் துடுப்பின் மேற்பரப்பு முழுவதும் முதியவரின் புறங்கைத் தோல்போலச் சுருங்கியது. எனாமல், மேல்தோல் காய்ந்தாலும் உள்ளே பல மணி நேரம் இளகியபடியே இருக்கும். புதிய பூச்சில் உள்ள கரைப்பான் அந்தப் பாதி காய்ந்த பூச்சுக்குள் ஊடுருவி, அதை உப்பவைத்து, அடிப்பூச்சிலிருந்து தூக்கிவிடுகிறது. இதே காரணத்தால்தான் எனாமலின் மேல் லாக்கர் வகை வண்ணத்தை அடிக்கக்கூடாது என்கிறார்கள். லாக்கரின் கரைப்பான் இன்னும் கடுமையானது. சுருங்கிய துடுப்பை உடனே துடைக்கப் போகாமல் நான்கு நாட்கள் அப்படியே விட்டேன். முழுதும் இறுகிய பிறகு, சுருக்கங்களைப் பிரைமர்வரை தேய்த்து இறக்கி, மீண்டும் வெள்ளை அடித்தேன். இந்த ஒரு பொறுமையின்மைக்கு நான் கொடுத்த விலை எட்டு நாட்கள்.

வெள்ளைக்கு மேல் எந்த நிறங்கள் என்பதை நான் அழகை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. ராக்கெட்டுகளின் மேல் காணும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்கு ஒரு வேலை இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியில் சோதனையில் ஏவப்பட்ட வி-2 ராக்கெட்டுகளில் அந்தக் கட்டங்களைப் போட்டது, அவை தம் அச்சில் சுழல்கின்றனவா என்பதைத் தரையிலிருந்து பார்த்தும் படம்பிடித்தும் அறிவதற்காகத்தான். நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் கறுப்புப் பட்டைகளும் அந்த மரபில் வந்தவையே. என் ராக்கெட்டிலும் மூன்று துடுப்புகளுக்கு ஆரஞ்சும் நான்காவதற்கு மட்டும் கறுப்பும் என்று திட்டமிட்டேன். மேலே போகும்போது கறுப்பு எத்தனை முறை கண்ணில் பட்டு மறைகிறது என்பதிலிருந்து துடுப்புகளை எவ்வளவு நேராக ஒட்டினேன் என்பது தெரிந்துவிடும். மூக்குக்கூம்புக்கும் ஆரஞ்சுதான். உயர்ந்த புல்லில் விழுந்த ராக்கெட்டைத் தேடி ஒரு மணி நேரம் நடந்திருப்பவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஆரஞ்சு போன்ற ஒளிரும் நிறங்கள் அடியில் வெள்ளை இருந்தால்தான் பளிச்சிடுகின்றன. சாம்பல் பிரைமரின் மேல் நேராக அடித்தால் செங்கல் தூள்போல மங்கிவிடும்.

நிறங்களுக்கிடையே கூர்மையான கோடு கிடைப்பதற்கு ஒரு வழி உண்டு. இதைக் கற்றுக்கொண்ட பிறகு என் எல்லா ராக்கெட்டுகளின் தோற்றமும் மாறிவிட்டது. மாஸ்கிங் டேப்பை ஒட்டி, விளிம்பை நகத்தால் நன்றாக அழுத்திவிட்டு, அதன் மேல் முதலில் ஆரஞ்சை அடிக்காமல், அடியில் இருக்கும் அதே வெள்ளையையே மெல்லியதாக ஒருமுறை அடிக்க வேண்டும். டேப்பின் கீழ் எங்கேனும் சந்து இருந்தால் அந்த வெள்ளை புகுந்து அதை அடைத்துவிடும்; வெள்ளையின் மேல் வெள்ளை கசிந்தால் எவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு வரும் ஆரஞ்சுக்கு நுழைய வழி இல்லை. கடைசிப் பூச்சு அடித்து அரை மணி நேரத்துக்குள், வண்ணம் முழுதும் இறுகுவதற்கு முன்பே, டேப்பைத் தன் மேலேயே மடித்துத் தாழ்வாக இழுத்து எடுத்தேன். கறுப்புத் துடுப்பு குழாயைச் சந்திக்கும் சரிவில், கோடு நூல் பிடித்ததுபோல இருந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் எழுத்துகள் இரண்டை மட்டும் பயன்படுத்தினேன். குழாயின் மேல் சோப்புக் கலந்த நீர் ஒரு துளி இருந்தால் எழுத்தை நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். ஈரத்தை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி எடுத்து, இரண்டு நாள் விட்டு, அதே எனாமல் வகையைச் சேர்ந்த தெளிபூச்சை முதலில் ஒரு கழிவுக் குழாயில் சோதித்துப் பார்த்த பிறகுதான் ராக்கெட்டின் மேல் அடித்தேன். டெக்காலின் மை சில தெளிபூச்சுகளில் கரைந்துவிடும்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து ராக்கெட்டைத் தராசில் வைத்தேன். வண்ணத்துக்கு முன் 64 கிராம் இருந்தது, இப்போது 78. பட்டி, பிரைமர், மூன்று நிறங்கள், தெளிபூச்சு எல்லாம் சேர்ந்து 14 கிராம். இது சின்ன எண் போலத் தோன்றினாலும், மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அமெரிக்காவின் விண்வெளி ஓடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) பெரிய வெளித்தொட்டி 1981-ல் நடந்த முதல் இரண்டு பயணங்களில் மட்டும் வெள்ளையாக இருந்து, பிறகு வண்ணமே இல்லாமல் தன் இயல்பான செம்பழுப்பு நிறத்தில் பறந்ததற்குக் காரணமும் எடைதான். அந்த வெள்ளையை விட்டதால் சுமார் 270 கிலோ மிச்சமானது. மாடல் ராக்கெட்டில் நல்ல மேற்பரப்பு காற்றின் இழுப்பைக் குறைப்பதால், கூடிய எடையில் ஒரு பகுதி அந்த வழியில் திரும்பி வருகிறது. ஆனால் எடை எங்கே கூடியது என்பதைக் கவனிக்காமல் விட முடியாது. எட்டுத் துடுப்புப் பரப்புகளும், அவற்றின் சரிவுகளும், பட்டியில் பெரும்பகுதியும் வால்பக்கம் இருப்பதால், மோட்டாரைச் செருகி விரலின் மேல் நிறுத்திப் பார்த்தபோது ஈர்ப்பு மையம் முன்பு குறித்த இடத்திலிருந்து 9 மில்லிமீட்டர் பின்னால் போயிருந்தது.

ராக்கெட் நேராகப் பறக்க, ஈர்ப்பு மையம், காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியான காற்றழுத்த மையத்துக்கு முன்னால், குறைந்தது ஒரு குழாய் விட்டத்தின் அளவுக்காவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. காற்றழுத்த மையத்தைக் கணக்கிட ஜேம்ஸ் பாரோமன் 1966-ல் தந்த சமன்பாடுகளையே இன்றும் பயன்படுத்துகிறோம். வண்ணத்தால் அந்த மையம் நகர்வதில்லை, நகர்வது ஈர்ப்பு மையம் மட்டும்தான். எனக்கு இன்னும் ஒரு விட்டத்துக்குச் சற்று மேல் இடைவெளி இருந்தது என்றாலும், வண்ணத்துக்கு முன்பிருந்த நிலையையே நான் விரும்பினேன். மூக்குக்கூம்பின் நுனிக்குள் 3 கிராம் களிமண்ணை அழுத்தி, அது பறக்கும்போது கழன்றுவிடாமல் மேலே பசை விட்டேன். குறி பழைய இடத்துக்கே, அதற்கும் ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே வந்துவிட்டது. பிறகு ஈர்ப்பு மையத்தில் நூலைக் கட்டி, தலைக்கு மேல் சுழற்றிப் பார்த்தேன். இரண்டாவது சுற்றிலேயே கூம்பு முன்னால் பார்க்கத் திரும்பி, அப்படியே நின்றது. சி6-5 வகை மோட்டாரின் 24 கிராமையும் சேர்த்தால் ஏவும்போது 105 கிராம். அந்த மோட்டாருக்குச் சொல்லப்பட்ட உச்ச எடைக்கு உள்ளேதான் இருக்கிறது.

பாராசூட்டின் மேல் டால்கம் தூளைத் தூவி மடித்து, அதற்குக் கீழே வைக்கத் தீப்பிடிக்காத தாளையும் எடுத்து வைத்துவிட்டேன். ஸ்ப்ரே கேன்களில் மீந்திருந்த வெள்ளை, ஆரஞ்சு, கறுப்பு மூன்றையும் சிறு குப்பிகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, கேனின் உந்துவாயு வெளியேற ஒரு மணி நேரம் திறந்து வைத்திருந்து, மூடி, நிறத்தின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டியிருக்கிறேன். பாராசூட்டில் இறங்கும் ராக்கெட்டில் முதலில் தரையைத் தொடுவது ஏதாவது ஒரு துடுப்பின் நுனிதான். அந்த நுனிக்கு மெல்லிய தூரிகை ஒன்றையும் குப்பிகளோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.